அப்பாவின் தீவு

என் மகனை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. படகு ஓட்டுகிறான், என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறான். மருமகளுக்கு மட்டும் இது இன்றுவரை பழகவில்லை. அவள் டென்மார்க்காரி. பெற்ற பிள்ளையை எந்த ஊரில் மச்சான் என்பார்கள் என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவாள்.

இந்த ஊரில் என்பேன். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் நூக் ஊரில் ஒருவர் இறந்துபோனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அவர் பெயரை வைக்கிறோம். பெயர் வந்தால் உறவும் கூடவே வந்துவிடும். அவர் யாருக்கு என்ன முறையோ அதே முறை சொல்லித்தான் குழந்தையையும் கூப்பிடுவோம். என் மகன் பெயர் யுவாக்கா. அவனுக்கு முன்னால் அந்தப் பெயரை வைத்திருந்தவன் என் அக்கா பெனிக்னாவின் புருஷன். கொஞ்ச நாளாக எனக்கு அந்த மூத்த யுவாக்காவின் நினைப்பாகவே இருக்கிறது. காப்பி போடும்போது வருகிறான், டீசல் வாடை அடித்தால் வருகிறான். எழுதிவிட்டாலாவது கொஞ்சம் விடுவானா பார்க்கலாம்.

ஆள் குட்டை. தோள் அகலம். இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும், மீதியைக் கயிறு சுற்றும் உருளை தின்றுவிட்டது. வாயில் எப்போதும் காய்ந்த காட் மீன் ஒரு துண்டு கிடக்கும். பேச்சு குறைவு. ஆமாம் என்பதற்குப் புருவத்தைத் தூக்குவான், இல்லை என்பதற்கு மூக்கைச் சுருக்குவான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான், ஆனால் நாங்கள் அதற்கு மேல் பேசவும் செய்வோம்.

பொய் மட்டும் அவனுக்கு வராது. பெரிய ஞானி என்பதால் அல்ல, அந்தச் சாமர்த்தியமே அவனுக்கு இல்லை. எனக்குக் கல்யாணம் ஆன புதிதில் என் மனைவி தோர்த்தியா ஊரைக் கூப்பிட்டுக் காப்பி விருந்து வைத்தாள். கேக் அடியில் நன்றாகத் தீய்ந்துவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் ஆகா ஓகோ என்று சாப்பிட்டார்கள். யுவாக்கா ஒரு வாய் கடித்துவிட்டு, "கருகிப்போச்சும்மா" என்றான். சொல்லிவிட்டு மூன்று துண்டு தின்றான். அவளுக்கு ஒரு வருஷம் அந்தக் கோபம் தீரவில்லை.

அவனிடம் ஒரு நீல மரப்படகு இருந்தது. ஒற்றை சிலிண்டர் இன்ஜின், டுக் டுக் என்று அடிக்கும் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி வரும். இன்ஜின் என் பொறுப்பு. குளிரில் சீல் வேட்டை, கோடையில் காட் மீன், இதுதான் பிழைப்பு. எழுபத்தொன்றாம் வருஷக் கோடையில் போடில் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

கோபன்ஹேகனிலிருந்து வந்தவள். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, இடுப்பில் சுத்தியல், பை நிறையக் கல். எங்கள் மொழியைத் தட்டித் தடுமாறிப் பேசுவாள், திருத்தினால் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஊர் அவளுக்குக் கல்லுக்காரி என்று பெயர் வைத்தது. யுவாக்கா முகத்துக்கு நேராகவே கல்லம்மா என்பான். முதல் கோடை முழுக்க அவள் தங்கம் தேடுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் தேடியது வயது. பூமியில் மனிதன் காலை வைத்து நிற்கக்கூடிய தரை முதலில் எப்போது உண்டானது என்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்திருந்தாள். இது ஒரு வேலையா என்று நான் சிரித்தேன். யுவாக்கா சிரிக்கவில்லை.

ஒருநாள் மதியம் படகிலேயே சீல் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. யுவாக்கா கேட்டான், "கல்லம்மா, இந்தக் கல்லெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

அவள் கரண்டியை எடுத்தாள். "பூமி பொறந்த புதுசுல மேல முழுக்கக் கறுப்புக் கல்லுதான். ரொம்பக் கனம். அது தண்ணியக் குடிச்சுட்டு உள்ள அமுங்கும். உள்ள ஒரே சூடு. திரும்ப உருக ஆரம்பிக்கும். ஆனா முழுசா உருகாது. லேசான பங்கு மட்டும் முதல்ல பிரிஞ்சு மேல வந்துடும்." சூப்பின் மேல் மிதந்த கொழுப்பைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினாள். "இதோ இப்படி. அந்த லேசான பங்குதான் நம்ம சுத்தி நிக்கிற சாம்பல் கல்லு. இப்படிக் கொஞ்சங் கொஞ்சமா மேல வந்து சேந்ததுதான் கண்டம். லேசு, அதனால மிதக்குது. மிதக்கிறதால அழியாம நிக்குது."

"அப்ப நாம நிக்கிறது கொழுப்பு மேலயா?"

"ஒரு வகையில ஆமா."

"அதான் கெர்த்துக்கு இவ்ளோ கொழுப்பு" என்றான் மச்சான். கெர்த் என்பது நான். கல்லம்மாவுக்கு அந்த வேடிக்கை புரியவே பத்து நிமிஷம் ஆனது. புரிந்தபின் சூப் சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

பழைய கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அவள்தான் சொன்னாள். முதலில் வந்த சாம்பல் கல் இறுகியபின் வெடித்திருக்கிறது. வெடிப்பு வழியாகக் கறுப்புக் கல் உருகி ஏறி, பட்டை பட்டையாக உறைந்திருக்கிறது. அதற்கும் வெகுகாலம் கழித்து இன்னொரு தடவை புதுச் சாம்பல் கல் கீழேயிருந்து வந்திருக்கிறது. இந்தப் புதியதில் அந்தப் பட்டை கிடையாது. "பட்டை இருந்தா கெழவன், இல்லேன்னா எளவட்டம்" என்றாள். அடுத்த கோடைக்குள் யுவாக்கா அவளை மிஞ்சிவிட்டான். சுக்கான் பிடித்தபடியே ஒரு மைல் தூரத்துக் கரையைப் பார்த்து "பட்டை" என்பான். அவள் தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள்.

கல்லுக்குள் சிர்க்கான் என்று ஒரு பொடிப் படிகம் இருக்கிறதாம். மணலைவிடச் சின்னது. அதற்குள் யுரேனியம் கொஞ்சங் கொஞ்சமாக ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும், எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். கல்லே உருகினாலும் இந்தப் படிகம் லேசில் உருகாது. புதுக் கல்லுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே புதுத் தோல் வளரும், உள்ளே பழைய வயது பத்திரமாக இருக்கும்.

யுவாக்கா இதைக் கேட்டு வெகுநேரம் காட் மீனை மென்றுகொண்டிருந்தான். அப்புறம், கயிற்றுச் சுருள்மேல் தூங்கிக்கொண்டிருந்த தன் மகளைக் காட்டினான். "பேரு மாதிரிதான். ஒடம்பு புதுசு. உள்ள இருக்கிறது எங்கப்பா."

கல்லம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்த மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுவாக்காவின் அப்பா பெயர் அப்போலோ. நிலாவில் ஆள் இறங்கிய வருஷம் கிழவருக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. "என்ன பெரியவரே, மேல குளிரா?" என்று கடைக்குக் கடை கேட்டார்கள். அந்த இலையுதிர் காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். டிசம்பரில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அப்போலோனியா என்று ஞானஸ்நானம் ஆனது. யுவாக்கா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து "அப்பா" என்றான், அன்றிலிருந்து அவளை வேறு சொல்லால் கூப்பிட்டதில்லை. அக்காவுக்குக் கிழவர் மாமனார் என்பதால் அவள் "மாமா" என்பாள். எனக்கு அவர் எந்நாளும் பெரியவர், ஆகவே நான் "பெரியவரே" என்பேன். குட்டியும் சளைத்தவள் இல்லை. யுவாக்காவை "மகனே" என்பாள், கிழவர் என்னைக் கூப்பிட்ட மாதிரியே "தம்பி" என்பாள். மூன்று வயதில் என்னை அதட்டி வேலை வாங்குவாள். அந்த வீட்டில் அவளை அப்பா என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தன்தான். இது முக்கியம், நான்தான் இதை மறந்து தொலைத்தேன்.

எழுபத்துநாலாம் வருஷம் ஜூலையில், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே நுழைந்திருக்கும் ஃபியோர்டின் நடுவில் ஒரு கரையில் கூடாரம் போட்டிருந்தோம். கல்லம்மா பாசிமேல் வழுக்கிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். ஐஸ் போட்ட வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு, கொசுவலைக்குள் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தாள். நான் எரிபொருள் பம்பைக் கழற்றிப் போட்டுத் தலையை இன்ஜினுக்குள் விட்டிருந்தேன். யுவாக்கா சும்மா இருக்கப் பிடிக்காமல் சின்னப் படகில் மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். எந்தப் பக்கம் போனான் என்று நான் பார்க்கவில்லை. மாலைக்குள் திரும்பிவிட்டான். துணிப்பையில் ஒரு கல். பெரிய ரொட்டி அளவு, சாம்பல் நிறம், ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை. பையின்மேல் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்தான்: அப்பாவின் தீவு.

அவன் மீனைச் சுத்தம் செய்யத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டான். கல்லம்மா வரைபடத்தை விரித்தாள்.

"கெர்த், அப்பாவின் தீவுன்னா எது?"

நான் கையில் எண்ணெயோடு குனிந்து பார்த்தேன். ஃபியோர்டின் வாயருகே ஒரு தீவு உண்டு, கிழவர் அப்போலோ வசந்தத்துக்கு வசந்தம் அங்கேதான் சீல் அடிக்கப் போவார். கூடாரத்திலிருந்து அவ்வளவு ஒன்றும் தூரம் இல்லை. "இதோ, இதான்" என்று விரலை வைத்தேன். வரைபடத்தில் என் எண்ணெய் விரல் பதிந்துவிட்டது என்று அவள் திட்டினாள். அந்த இடத்திலேயே புள்ளி வைத்து எண் எழுதிக்கொண்டாள். கால் வீக்கம் வடியாததால் இரண்டாம் நாள் அவள் ஊர் திரும்பிவிட்டாள்.

அப்போலோனியா அந்தக் கோடை முழுக்க "என் தீவு, என் தீவு" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு எல்லாமே என்தான். என் கடல், என் நாய், என் சூப். யார் காது கொடுத்தார்கள்?

ஒன்றரை வருஷம் கழித்துக் கல்லம்மாவின் கடிதம் வந்தது. பையிலிருந்த கல்லுக்கு வயது முந்நூற்று எழுபது கோடி. அப்போது தெரிந்த கற்களில் அதைவிடப் பழையது உலகத்திலேயே ஒன்றிரண்டுதான். கட்டுரை வரப்போகிறது, கல்லை எடுத்தவர் என்று யுவாக்காவின் பெயரும் அதில் இருக்கும் என்று எழுதியிருந்தாள். நான் டேனிஷ் மொழியிலிருந்து படித்துச் சொன்னேன். யுவாக்கா புருவத்தைத் தூக்கினான். "நல்லாருக்கு" என்றான். அன்று சாயங்காலம் வரைக்கும் சுக்கான் பக்கத்தில் சங்கீதம் முனகிக்கொண்டே இருந்தான். கோயிலில்கூட வாய் திறக்காத ஆள். அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது, அதை இன்னொரு தடவை கேட்க எதை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

எழுபத்தேழு மார்ச்சில் உள் ஃபியோர்டில் பனி உடைந்து அவன் போய்விட்டான். மூன்றாம் நாள் கிடைத்தான். அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

அவன் போன இரண்டாம் மாதம் கல்லம்மாவிடமிருந்து இன்னொரு கடிதம். வேறு நாட்டுக்காரர்கள் இரண்டு பேர், முந்தின கோடையில், இங்கே ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல், கட்டுரையில் இருந்த புள்ளியைப் பார்த்து அந்தத் தீவுக்குப் போயிருக்கிறார்கள். பத்து இடத்தில் கல் உடைத்திருக்கிறார்கள். எல்லாம் முந்நூறு கோடிதான். பட்டையும் இல்லை. எழுபது கோடி வருஷம் முன்னே பின்னே இருந்தால் குடியா முழுகிவிடும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அவர்கள் அச்சில் போட்டிருந்த வரியை அப்படி விட முடியவில்லை. 'மாதிரியை எடுத்தது உள்ளூர்ப் படகோட்டி ஒருவர். அவர் சொல்லை நம்புவதற்கில்லை.' கேக் கருகினதையே மறைக்கத் தெரியாத மனுஷனைச் சொன்னார்கள். அவன் பதில் சொல்லவும் உயிரோடு இல்லை.

அப்போது தோர்த்தியா உண்டாகியிருந்தாள், ஆகஸ்ட் கடைசியில் பிரசவம். யுவாக்கா போனபின் எங்கள் குடும்பத்தில் பிறக்கப்போகிற முதல் குழந்தை. அந்தப் பெயர் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்காவிடம் கேட்கப் போனேன். கடித விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"இப்ப வேணாம்டா" என்றாள்.

"ஏன்க்கா? வேற யாருக்கு வைக்கிறது?"

"அவர் பேர்மேல பொய்யன்னு எழுதிட்டாங்க. பேரு தனியா வராது, அதுமேல ஒட்டிக்கிட்டு இருக்கிறதும் சேந்துதான் வரும். அதோட தூக்கி ஒரு பச்சக் கொழந்த மேல வைக்கச் சொல்றியா? மொதல்ல அதத் தொடச்சிட்டு வா. அப்பறம் கேளு."

நான் கதவை அறைந்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் கதவுதான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். ஆனால் அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

ஜூலையில் கல்லம்மா வந்தாள். முகம் வாடியிருந்தது. மிச்சமிருந்த பாதிக் கல்லை அதே துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். நீலப் படகில் அவளை ஃபியோர்டின் வாய்க்கு, கிழவரின் தீவுக்குக் கூட்டிப்போனேன். சுக்கான் பிடிக்க ஆள் இல்லாமல் நானே பிடித்தேன். நாள் பூராவும் சுற்றினாள். முழங்காலில் தவழ்ந்துகூடப் பார்த்தாள். பட்டை ஒன்றுகூட இல்லை. கடைசியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எளவட்டக் கல்லு, கெர்த். என் பையில இருக்கிறது இங்க எடுத்தது இல்ல. அவங்க சொல்றது சரி."

"அப்ப என் மச்சான் பொய் சொன்னான்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல. வேற எங்கயோ எடுத்துட்டு, மறந்துபோய் மாத்தி எழுதியிருக்கலாம் இல்லையா?"

"அவன் பொறந்ததுலேருந்து இந்தத் தண்ணிலதான் கெடக்கான். எந்தக் கல்லு எங்க இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவான். மறந்தானாம். நீங்க ஏன் ஒரு நட வந்து எடத்தப் பாக்காம எழுதினீங்க?"

"அது என் தப்புதான்" என்றாள். "வயசு அப்படி வரும்னு நெனைக்கல. வந்ததும் அவசரப்பட்டுட்டேன். இப்ப எங்க துறைல என்னை யாரும் நம்பல. இந்தக் கோடைக்குள்ள எடத்தக் காட்டலேன்னா, கட்டுரைய நானே திரும்ப வாங்கிக்கணும்."

ஊர் திரும்பினோம். அக்கா வீட்டில் காப்பிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போகாவிட்டால் இன்னும் கெட்ட பெயர் என்று போனோம். அக்கா கேக் வைத்தாள், உலர்ந்த மீன் வைத்தாள், கல்லம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் காப்பி ஊற்றினாள். மேசையில் துணிப்பை கிடந்தது.

அப்போலோனியாவுக்கு அப்போது ஏழரை வயது. பள்ளிக்கூடத்தில் புதிதாக வாசிக்கக் கற்றிருந்தாள், கண்ணில் பட்ட எதையும் விடமாட்டாள். மாவு மூட்டையில் இருப்பதை வாசிப்பாள், மருந்துக் குப்பியை வாசிப்பாள். பையைத் தன் பக்கம் இழுத்து விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"அப்-பா-வின் தீ-வு." நிமிர்ந்தாள். "இது என் தீவு."

"பையக் கீழ வைங்க பெரியவரே, அது கல்லம்மாவோடது" என்றேன்.

அவள் மூக்கைச் சுருக்கினாள். "பை அவங்களோடது. தீவு என்னோடது. என் மகன் எனக்குக் குடுத்தான். அந்தத் தீவுக்குப் பேரே இல்லையாம். பேரில்லாம இருந்தா பாவம், உனக்கு வச்சுக்கோ அப்பான்னு சொன்னான்."

அக்கா ஊற்றிக்கொண்டிருந்த காப்பி கோப்பையைத் தாண்டி மேசையில் ஓடியது. நாலு மாதமாக அந்த வீட்டில் யாரும் அந்தப் பெண்ணைப் பார்த்து அப்பா என்று சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. வரைபடத்தில் பதிந்த எண்ணெய் விரல் என் கண்முன் வந்தது. பொய்யும் இல்லை, மறதியும் இல்லை. யுவாக்கா சரியாகத்தான் எழுதியிருக்கிறான். அவன் அப்பா அன்று படகில் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கல்லம்மா கேட்டபோது, எனக்குப் பெரியவரான ஒருத்தி அவனுக்கு அப்பா என்பதை மறந்து, செத்துப்போன கிழவரின் தீவில் கை வைத்தவன் நான்.

"பெரியவரே" என்றேன். "அந்தத் தீவு எங்க இருக்கு?"

"நீ கூட்டிட்டுப் போனா காட்டுவேன் தம்பி."

மறுநாள் காலை கிளம்பினோம். அவளை முன்னால் உட்காரவைத்தேன். கூடாரம் போட்ட கரைக்கு வந்ததும் வாய்ப்பக்கம் இல்லை, உள்பக்கம் என்று கை காட்டினாள். வடக்குக் கிளைக்குள் போனோம். முதல் திட்டைப் பார்த்து மூக்கைச் சுருக்கினாள். இரண்டாவதற்கும் அதே. மூன்றாவதில் கல்லம்மா பொறுமையிழந்து, நாலரை வயசுல பார்த்தது எப்படி ஞாபகம் இருக்கும் என்று டேனிஷில் முணுமுணுத்தாள். எனக்கும் அந்தப் பயம்தான். அதற்கப்பால் திரும்பினோம். படுத்துக் கிடக்கிற சீல் மாதிரி ஒரு பாறைத்திட்டு. அப்போலோனியாவின் புருவம் இரண்டும் மேலே போயின.

இன்ஜினை நிறுத்துவதற்குள் குதித்துவிட்டாள். "நான் ஏழு கல்லு அடுக்கினேன்" என்று கத்திக்கொண்டே மேலே ஓடினாள். நாலு கல் அடுக்காக இருந்தன. மூன்று சரிந்து பக்கத்தில் கிடந்தன. கல்லம்மா அவற்றைப் பார்க்கவில்லை, காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாம்பல் பாறையின் குறுக்கே, கையகலத்தில், கறுப்புப் பட்டைகள் ஒன்றல்ல, ஐந்தாறு போயின.

யுவாக்கா கல் உடைக்கும் விதம் எனக்குத் தெரியும். பாறையின் முகத்தில் அடிக்கவே மாட்டான். பனி ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கும் ஓரத்தைத் தேடி உளியைச் செருகுவான். எடுத்தபின் உதிர்ந்த சில்லுகளைப் பொறுக்கி அந்தக் குழியிலேயே திரும்ப அடைப்பான். ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "தொறந்து போட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கு?" என்றான். தண்ணீர்ப் பக்க ஓரமாகத் தடவிக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் சில்லுகள் அடைத்திருந்தன.

ஒவ்வொன்றாக எடுத்தேன். கல்லம்மா பையிலிருந்து பாதிக் கல்லை எடுத்து, அறுக்காத பக்கத்தைக் கீழே திருப்பிக் குழிக்குள் வைத்தாள். இரண்டு முறை சரியாக உட்காரவில்லை. கொஞ்சம் சாய்த்து வைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. பாறையில் வந்த கறுப்புப் பட்டை கல்லுக்குள் நுழைந்து நேராகப் போயிற்று.

அவள் அந்தக் கல்மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் மூஞ்சியைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்போலோனியா மட்டும் சரிந்த மூன்று கல்லையும் திரும்ப அடுக்கிக்கொண்டு, "என் மகன் இங்கதான் ஒக்காந்து மீன் தின்னான், எனக்குப் பாதி குடுத்தான்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

புதிதாக எட்டுத் துண்டு எடுத்தோம், எல்லாவற்றையும் அவன் முறைப்படி. குழியைச் சில்லால் அடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வீட்டில் நான் எல்லாவற்றையும் சொன்னேன், என் தப்பு உட்பட. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். "அவரு இருந்திருந்தா ஒன்ன என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா?" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு. மூக்கச் சுருக்கியிருப்பாரு." சொல்லிவிட்டு, அவன் போனபிறகு முதல்தடவையாக எங்கள் முன்னால் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தோர்த்தியாவின் வயிற்றில் கை வைத்தாள். "வச்சுக்கோங்க" என்றாள்.

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி பையன் பிறந்தான். ஆஸ்பத்திரிக்கு அக்கா மகளோடு வந்தாள். அப்போலோனியா பக்கத்தில் நின்று வெகுநேரம் அவனையே பார்த்தாள். பிறகு அவன் காதருகே குனிந்து, "வந்துட்டியா மகனே" என்றாள்.

டிசம்பரில் கல்லம்மாவின் கடிதம் வந்தது. கூடவே அச்சிட்ட நாலு பக்கம். எட்டுத் துண்டுகளில் ஆறு முந்நூற்று எழுபது கோடியைத் தாண்டியிருந்தன. இடம்: அப்பாவின் தீவு. அதன் வரைபடமும் போட்டு, புள்ளியைச் சரியான இடத்தில் வைத்திருந்தாள். அடியில் ஒரு வரி: முதல் மாதிரியை எடுத்த யுவாக்கா இடத்தைச் சரியாகவே எழுதினார், தவறாகப் படித்தது நாங்கள். சந்தேகப்பட்ட இருவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

பையனுக்கு அப்போது மூன்றரை மாதம். மடியில் வைத்துக்கொண்டு, டேனிஷில் இருந்ததை எங்கள் மொழியில் முழுக்க வாசித்துக் காட்டினேன், ஒரு எண்கூட விடவில்லை. தோர்த்தியா எனக்குப் பைத்தியம் என்றாள். முடித்துவிட்டு, "மச்சான், கேட்டுக்கிட்டியா? நீ சொன்ன எடந்தான். தப்பு என்னோடது" என்றேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். இரண்டு புருவத்தையும் தூக்கினான்.

"அது வயித்துல வாயு" என்றாள் தோர்த்தியா.

இருக்கலாம். நான் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவனைக் கீழே விடவில்லை.